1948 இத்தாலியத் தேர்தலின் 'தேசிய அணி': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் 1948 தேர்தல் முடிவுப் பட்டியலைப் பார்க்கிறவர்களின் கண் நான்காவது வரியில் வந்து நிற்கும். முதல் மூன்று வரிகளில் தெரிந்த பெயர்கள். நான்காவதாக 'ப்ளோக்கோ நாத்ஸியோனாலே', அதாவது தேசிய அணி. 1946 பட்டியலில் இந்த அணி இல்லை, 1953 பட்டியலிலும் இல்லை. "இது எங்கிருந்து வந்தது, எங்கே போனது?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே மூச்சில் சொல்லுங்கள், இந்தத் தேசிய அணி என்ன?

1948 ஏப்ரல் 18 அன்று நடந்த பொதுத் தேர்தலுக்காக மட்டும் உருவான வலதுசாரிக் கூட்டணி. இத்தாலிய லிபரல் கட்சி, குல்யெல்மோ ஜன்னீனியின் 'குவாலுன்குவே' இயக்கம், முன்னாள் பிரதமர் பிரான்செஸ்கோ சவேரியோ நிட்டியைச் சுற்றியிருந்த ஒரு சிறு குழு, இந்த மூன்றும் ஒரே பட்டியலில் நின்றன. 1948 தொடக்கத்தில் பிறந்தது. தேர்தல் முடிந்ததும் கரைந்துவிட்டது. ஆயுள் சில மாதங்கள்தான்.

லிபரல் என்றால் இடதுசாரி இல்லையா? வலதுசாரி என்கிறீர்களே?

அமெரிக்கச் செய்திகள் படித்துப் பழகியதால் வரும் குழப்பம் இது. இத்தாலியில் லிபரல் என்றால் தனியார் சொத்து, தடையற்ற வணிகம், சர்ச்சுக்கும் அரசுக்கும் இடையே தூரம், படித்த மேல்நடுத்தர வர்க்கத்தின் ஆட்சி என்று பொருள். முசோலினிக்கு முன்னால் நாட்டை ஆண்டவர்கள் இவர்கள்தான். அன்று கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் பெரும் பலத்தோடு நின்றார்கள். அந்த நாடாளுமன்றத்தில் லிபரல்களுக்கு இயல்பாகவே வலப்பக்க நாற்காலிதான் கிடைத்தது.

ஆனால் கட்சிக்குள்ளேயே ஒரு இடதும் ஒரு வலதும் இருந்தன. அது பின்னால் சிக்கலாகிறது, அங்கே சொல்கிறேன்.

குவாலுன்குவே என்பது பத்திரிகையா, கட்சியா? பெயரே விசித்திரமாக இருக்கிறதே?

முதலில் பத்திரிகை, பிறகு கட்சி. 'லுவோமோ குவாலுன்குவே' என்றால் 'யாரோ ஒரு மனிதன்', நம் பேச்சில் சொன்னால் 'நாலு பேரில் ஒருத்தன்'. 1944 டிசம்பர் 27 அன்று ரோமில் முதல் இதழ் வந்தது. நாட்டின் வடபகுதி அப்போதும் ஜெர்மானியர் பிடியில்தான் இருந்தது. அட்டையில் ஒரு படம் போடுவார்கள்: திருகுப் பொறியில் மாட்டிய ஒரு மனிதனை நசுக்குகிறார்கள், அவன் சட்டைப் பையிலிருந்து காசு கொட்டுகிறது. பத்திரிகையின் மொத்தக் கொள்கையும் அந்தப் படத்தில் இருந்தது. சில மாதங்களில் விற்பனை லட்சக்கணக்கில் ஏறியது.

அதை நடத்திய ஜன்னீனி 1891-இல் நேப்பிள்ஸ் பக்கத்துப் பொத்ஸுவோலியில் பிறந்தவர். நாடகம் எழுதியவர், சினிமா எடுத்தவர். 1942-இல் மகனை இழந்தார். அரசியல்வாதிகள் அனைவர் மீதும், கட்சி வித்தியாசமே இல்லாமல், அவருக்கு இருந்த ஆத்திரத்தின் அடியில் அந்தத் துக்கம் கிடந்தது. ஃபாசிஸ்டும் அவருக்கு ஒன்றுதான், ஃபாசிஸ்டை விரட்டிவிட்டு நாற்காலி பிடித்தவனும் ஒன்றுதான்: இருவருமே சாதாரண ஆளின் முதுகில் ஏறி உட்கார வந்தவர்கள். எதிராளிகளின் பெயர்களைக் கோணலாக்கி எழுதுவதில் கெட்டிக்காரர். சட்ட அறிஞர் கலமாந்த்ரேயியின் பெயரில் இரண்டெழுத்தை மாற்றி மலத்தைக் குறிக்கும் சொல்லாக்கினார். தரம் தாழ்ந்த வேலைதான். ஆனால் ஆட்கள் அதற்காகவே காசு கொடுத்து வாங்கினார்கள்.

அவருடைய இலட்சிய அரசு இன்னும் வேடிக்கை. நாட்டை ஆள ஒரு நல்ல கணக்குப்பிள்ளை போதும், ஜனவரி 1-ஆம் தேதி பொறுப்பேற்று டிசம்பர் 31-ஆம் தேதி வீட்டுக்குப் போய்விட வேண்டும், திரும்ப அவரைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது என்றார்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இவர்கள் முகமூடி போட்ட ஃபாசிஸ்டுகள்தானே?

அன்றைக்கு இடதுசாரிகள் அப்படித்தான் சொன்னார்கள். குவாலுன்குவேக்கு ஓட்டுப் போட்டவர்களில் பழைய ஆட்சியின் ஆட்கள் நிறைய பேர் இருந்தது உண்மை. ஃபாசிஸ்டுக் கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருந்ததால் வேலை போய்விடுமோ என்று பயந்த குமாஸ்தா, ஆசிரியர், சிறு அதிகாரி ஆகியோருக்கு ஜன்னீனியைத் தவிர வாதாட வேறு ஆள் இல்லை. தெற்கு இத்தாலியில் இந்தக் கூட்டம் அதிகம்.

ஆனால் இயக்கத்தின் கொள்கை ஃபாசிசம் அல்ல. ஃபாசிசத்துக்கு அரசே எல்லாம். ஜன்னீனிக்கோ அரசு எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பழைய ஃபாசிஸ்டுகளுக்கென்றே 1946 டிசம்பர் 26 அன்று எம்.எஸ்.ஐ. என்ற இத்தாலிய சமூக இயக்கம் உருவானது. அதன்பின் அவர்களில் பலர் இவரை விட்டுவிட்டு அங்கே போனார்கள். இவர் முகமூடியாகத்தான் இருந்தார் என்றால், முகத்துக்குச் சொந்தக்காரர்களே அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

நிட்டி என்றால் முதல் உலகப் போர் காலத்து நிட்டியா? அவர் அப்போதும் உயிரோடு இருந்தாரா?

அவரேதான். 1919-20-இல் பிரதமர். முசோலினி வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி பாரிஸில் வாழ்ந்தார். போரின்போது ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். 1945-இல் திரும்பி வந்தபோது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். அவரிடம் கட்சி அமைப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, பெயர் மட்டும் இருந்தது. அணிக்கும் அந்தப் பெயர்தான் தேவைப்பட்டது.

தனித்தனியாக நின்றபோது இவர்களுக்கு எவ்வளவு பலம்?

1946 ஜூன் 2 அன்று அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 556 இடங்கள். லிபரல்கள் வேறு சில பழைய தலைவர்களோடு சேர்ந்து 'தேசிய ஜனநாயக ஒன்றியம்' என்ற பெயரில் நின்றார்கள். தத்துவஞானி குரோச்சே, நிட்டி, ஒர்லாந்தோ, பொனோமி என்று பட்டியலே அருங்காட்சியகம் மாதிரி இருந்தது. இவர்களில் மூன்று பேர் ஃபாசிசத்துக்கு முந்தைய பிரதமர்கள். கிடைத்தது 6.8 சதவீதம், 41 இடங்கள். நேற்று முளைத்த குவாலுன்குவேக்கு 5.3 சதவீதம், 12 லட்சத்துக்கு மேல் ஓட்டு, 30 இடங்கள்.

அதே ஆண்டு நவம்பரில் நடந்த நகராட்சித் தேர்தல்களில் ஜன்னீனி இன்னும் மேலே போனார். ரோமில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு. ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த நவம்பர்தான் ஜன்னீனியின் உச்சம்.

அப்படி ஏறியவர் ஒன்றரை வருஷத்தில் கூட்டணி தேடும் நிலைக்கு எப்படி வந்தார்?

திட்டத் தெரிந்தவருக்குக் கட்சி நடத்தத் தெரியவில்லை. கம்யூனிஸ்டுத் தலைவர் தோல்யாத்தியோடு திடீரென்று பத்திரிகையில் மரியாதையாகப் பேச்சுவார்த்தை மாதிரி ஒன்று நடத்தினார். கம்யூனிச பயத்தால் இவரிடம் வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். 1947 மே மாதம் பிரதமர் தெ காஸ்பரி கம்யூனிஸ்டுகளையும் சோஷலிஸ்டுகளையும் அரசிலிருந்து வெளியேற்றிப் புது அமைச்சரவை அமைத்தபோது, குவாலுன்குவே உறுப்பினர்கள் அதை ஆதரித்தார்கள். 'எல்லோரும் ஒழிக' என்று கத்திய இயக்கம் அரசைத் தாங்கும் தூணாகிவிட்டது. ஜன்னீனிக்கு அந்த வேடம் பொருந்தவில்லை, தெ காஸ்பரியைத் திட்டிக்கொண்டே இருந்தார். உறுப்பினர்கள் பிரிந்து போக ஆரம்பித்தார்கள். தொழிலதிபர்களின் பணமும் ஆளுங்கட்சிப் பக்கம் திரும்பியது.

1947 அக்டோபரில் ரோம் நகருக்கு மறுபடி தேர்தல் வந்தது. ஒரு வருஷத்துக்கு முந்தைய வெள்ளம் வடிந்திருந்தது. மேயர் தேர்வில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ரெபெக்கீனிக்குக் கைகொடுத்து ஜெயிக்க வைத்தவர்கள் எம்.எஸ்.ஐ.யின் மூன்று உறுப்பினர்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டிருந்தது ஜன்னீனிக்கே தெரிந்திருக்க வேண்டும்.

குரோச்சே மாதிரி தத்துவஞானியின் கட்சி, இந்த மனிதரோடு எப்படிச் சேர்ந்தது?

உண்மையில் ஜன்னீனி 1945-லேயே லிபரல்களின் கதவைத் தட்டியிருந்தார். அப்போது கட்சித் தலைவர் பெனெதெத்தோ குரோச்சே. அவர் திறக்கவில்லை. 1947 முடிவில் நடந்த கட்சி மாநாட்டில் நிலைமை மாறியது. கட்சியின் வலது அணியைச் சேர்ந்த, முடியாட்சி ஆதரவாளரான ரொபேர்த்தோ லூச்சிஃபெரோ செயலாளரானார். (சாத்தானின் பெயர் என்று சிரிக்காதீர்கள், குடும்பப் பெயர்தான்.) பெரிய கத்தோலிக்கக் கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கும் இடதுசாரி முன்னணிக்கும் நடுவே நசுங்காமல் இருக்க, கத்தோலிக்கக் கட்சிக்கு வலப்பக்கம் ஒரு பெரிய வீடு கட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஒத்திகையும் நடந்திருந்தது. 1947 ஏப்ரல் 20 அன்று சிசிலித் தீவின் முதல் பிராந்தியத் தேர்தலில் லிபரல்களும் குவாலுன்குவேயும் சேர்ந்து நின்று, 90 இடங்களில் 14 பிடித்து மூன்றாவதாக வந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் 'தீவில் பலித்தது நாடு முழுக்கப் பலிக்கும்' என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

கட்சிக்குள் யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்க்காமல் என்ன? முன்னால் சொன்னேனே, லிபரல் கட்சிக்கும் ஒரு இடது உண்டு என்று. லண்டனில் தூதராக இருந்த நிக்கோலோ கரந்தீனி, பத்திரிகையாளர் மாரியோ பன்னூன்ஸியோ போன்றவர்கள் கட்சியை விட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டே பன்னூன்ஸியோ 'இல் மோந்தோ' என்ற வார இதழைத் தொடங்கினார். இத்தாலியப் படிப்பாளிகள் இரண்டு தலைமுறையாக அந்த இதழைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆக, ஜன்னீனியை உள்ளே விட்டதில் லிபரல் கட்சி தன் பேனாக்களை வெளியே அனுப்பிவிட்டது. என்னைக் கேட்டால், அந்த அணி கொடுத்த விலைகளில் அதிகம் இதுதான்.

விகிதாசாரத் தேர்தலில் கூட்டணிக்கு என்ன அவசியம்? ஓட்டுக்கு ஏற்ற இடம்தான் கிடைத்துவிடுமே?

நல்ல கேள்வி. கீழவையைப் பொறுத்தவரை பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் நாடு பல தொகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு இடத்துக்குத் தேவையான ஓட்டு எண்ணிக்கையைத் தொட வேண்டும். ஓட்டு சிதறிக் கிடக்கும் கட்சிக்கு அது பாரம். மீதமாகும் ஓட்டுகளை நாடு முழுவதும் சேர்த்துக் கணக்கிட வழி இருந்தது, ஆனால் அதில் கிடைப்பது கொஞ்சம்தான்.

மேலவையான செனட்டில் கூட்டணியின் தேவை இன்னும் தெளிவு. ஒரு தொகுதியில் நேரடியாக ஜெயிக்க 65 சதவீதம் ஓட்டு வேண்டும். யாருக்கும் அது எளிதல்ல. மற்றபடி இடங்களைப் பிராந்திய அளவில், பெரிய கட்சிகளுக்குக் கொஞ்சம் சாதகமான முறையில் பிரிப்பார்கள். சின்ன பிராந்தியங்களில் நான்கு சதவீதக் கட்சிக்கு வாய்ப்பே இல்லை.

இன்னொன்று: வாக்காளர் ஒரு கட்சியின் பட்டியலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, தனக்குப் பிடித்த வேட்பாளர்களின் பெயரையும் குறிக்கலாம். ஒரே பட்டியலில் நிற்பவர்கள் தங்களுக்குள்ளேயே போட்டி. ஊரில் வக்கீலாகவும் நிலக்கிழாராகவும் செல்வாக்கோடு இருந்த லிபரல் வேட்பாளரோடு ஒப்பிட்டால், பத்திரிகையை மட்டும் நம்பி வந்த குவாலுன்குவே ஆள் எங்கே நிற்பார்?

முடியாட்சிக் கட்சியும் எம்.எஸ்.ஐ.யும் ஏன் சேரவில்லை? எல்லோரும் வலதுசாரிதானே?

1946 ஜூன் 2 அன்று தேர்தலோடு சேர்த்து, மன்னராட்சியா குடியரசா என்று ஒரு பொதுவாக்கெடுப்பும் நடந்தது. குடியரசுக்கு 54.3 சதவீதம், மன்னருக்கு 45.7. தோற்றவர்கள் ஒரு கோடிக்கு மேல். அந்தக் கோபத்தை மட்டுமே முதலாக வைத்து அல்ஃப்ரேதோ கொவெல்லி முடியாட்சிக் கட்சி தொடங்கியிருந்தார். தேசிய அணியில் லூச்சிஃபெரோ போன்ற முடியாட்சிக்காரர்கள் இருந்தாலும், அணி அந்த ஒரு கோரிக்கைக்காகக் கட்டப்பட்டதல்ல. கொவெல்லி தன் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு வர எந்தக் காரணமும் இல்லை.

எம்.எஸ்.ஐ.யைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குரோச்சே ஃபாசிச எதிர்ப்பின் அடையாளம், நிட்டி ஃபாசிஸ்டுகளால் நாடு கடந்தவர். ஒரே மேடையில் எப்படி ஏறுவார்கள்?

சரி, கடைசியில் எவ்வளவு கிடைத்தது?

கீழவையில் சுமார் 10 லட்சம் ஓட்டு, 3.8 சதவீதம், 574 இடங்களில் 19. செனட்டில் கொஞ்சம் மேல், 5.4 சதவீதமும் 7 இடமும். 19-இல் பெரும்பங்கு லிபரல்களுக்குப் போனது. குவாலுன்குவே ஆட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க: கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 48.5 சதவீதம், 305 இடங்கள், கம்யூனிஸ்டு-சோஷலிஸ்டு மக்கள் முன்னணி 31 சதவீதம், 183, முடியாட்சிக் கட்சி 14, எம்.எஸ்.ஐ. 6.

1946-இல் 6.8-உம் 5.3-உம் சேர்த்தால் 12 வருகிறதே. மீதி எட்டு சதவீதம் எங்கே போனது?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். கணக்கில் முதலில் ஒரு சின்னத் திருத்தம். 1946-இன் 6.8 முழுவதும் லிபரல்களுடையது அல்ல, அந்த ஒன்றியத்தில் வேறு கட்சியினரும் இருந்தார்கள். அதைக் கழித்தாலும் சரிவு பெரியதுதான்.

1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அடுத்த தேதி ரோமுக்கு என்று இத்தாலியின் பாதி பேர் நம்பினார்கள். அமெரிக்கா, கம்யூனிஸ்டுகள் ஜெயித்தால் உதவி நின்றுவிடும் என்று வெளிப்படையாகவே சொன்னது. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்கள் ஊரில் இருக்கும் சொந்தங்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். லூயிஜி ஜெத்தா அமைத்த கத்தோலிக்கக் குடிமைக் குழுக்கள் ஒவ்வொரு சர்ச் வட்டாரமாக வேலை செய்தன. 'வாக்குச்சாவடியின் மறைவில் கடவுள் உன்னைப் பார்க்கிறார், ஸ்டாலின் பார்க்கவில்லை' என்ற வாசகம் அந்தத் தேர்தலுடையது. நூற்றுக்கு 92 பேர் ஓட்டுப் போட்டார்கள். இந்தச் சூழலில் கம்யூனிசத்துக்குப் பயந்த ஒரு மருந்துக்கடைக்காரர், நாத்திகச் சாயல் உள்ள லிபரலாகவே இருந்தாலும், ஓட்டை 19 இடம் வாங்கப் போகிற கட்சிக்குப் போட்டு வீணாக்குவாரா? கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் சின்னமான சிலுவைக் கேடயத்துக்கே போட்டார்.

அது பாதிக் காரணம். மறுபாதியைப் பலர் கவனிப்பதில்லை. லிபரல் வாக்காளர் விரும்பிய பொருளாதாரக் கொள்கையை ஒரு லிபரலே ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தார், அதுவும் தெ காஸ்பரியின் அமைச்சரவையில். இத்தாலிய வங்கியின் ஆளுநராக இருந்த லூயிஜி எயினாவ்தி, 1947 நடுவிலிருந்து வரவுசெலவுத் துறை அமைச்சர். வங்கிக் கடனை இறுக்கி விலைவாசி ஏற்றத்தை நிறுத்தியவர் அவர். எயினாவ்தி உள்ளே இருக்கும்போது, வெளியே நின்று ஜன்னீனி திட்டுவதற்கு எதற்கு ஓட்டு? மறுபக்கம், ஜன்னீனியின் ரசிகர்களுக்கும் கசப்பு: பழைய பிரதமர்களைக் கிழித்துத் தொங்கவிட்டவர் இப்போது ஒரு பழைய பிரதமரோடு நிற்கிறார். கூட்டியதில் இரண்டு பக்கமும் கழிந்தது.

அணி எந்தத் தேதியில் கலைந்தது?

தேதி தேடாதீர்கள். மே மாதம் தெ காஸ்பரி தனிப் பெரும்பான்மை இருந்தும் சிறு கட்சிகளைக் கூட்டிப் புது அரசு அமைத்தார். லிபரல்கள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கட்சி அமைச்சரவையில், இன்னொன்று வாசலில் என்றானபின் அங்கே அணி ஏது? லூச்சிஃபெரோவும் அந்த ஆண்டே செயலாளர் பதவியை இழந்தார், புரூனோ வில்லபுரூனா வந்தார்.

மே மாதம் எயினாவ்தி குடியரசுத் தலைவரானது அணியின் வெற்றிதானே?

இல்லை. 1948 மே 11 அன்று நான்காவது சுற்றில் 518 ஓட்டு வாங்கி அவர் தேர்வானார். தெ காஸ்பரி முதலில் முன்னிறுத்தியது வெளியுறவு அமைச்சர் கார்லோ ஸ்ஃபோர்ஸாவை. அவர் தேறாததால் எயினாவ்தியிடம் வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பொதுவாக்கெடுப்பில் மன்னருக்கு ஓட்டுப் போடுவேன் என்று வெளிப்படையாக எழுதியவர் எயினாவ்தி. அவரைக் குடியரசின் மாளிகைக்கு அனுப்பியது தெ காஸ்பரியின் தேவை, தேசிய அணியின் 19 இடம் அல்ல.

முக்கியமான ஆட்கள் பிறகு என்ன ஆனார்கள்?

லூச்சிஃபெரோ முடியாட்சிக் கட்சிப் பக்கம் போனார். லிபரல் கட்சி 1954-இல் ஜொவான்னி மலகோதி கைக்கு வந்து, யாரோடும் சேராமலே 1963-இல் 7 சதவீதம் வாங்கியது.

நிட்டியின் கதைதான் எனக்குப் பிடித்தது. 1948-இல் வலதுசாரி அணியின் பெரிய பெயராக இருந்தவர், 1952-இல் ரோம் நகராட்சித் தேர்தலில் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் ஆதரித்த பட்டியலுக்குத் தலைமை தாங்கினார். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியை எதிர்ப்பதில் மட்டும் மனிதர் மாறவே இல்லை. 1953 பிப்ரவரியில் காலமானார்.

ஜன்னீனி? இயக்கம் 1949 வாக்கில் முடிந்துபோனது. வாய் வலிக்கத் திட்டிய அதே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பட்டியலில் 1953-இல் நின்று தோற்றார். நாடகத்துக்கே திரும்பிப் போய், 1960-இல் இறந்தார்.

முசோலினியை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்ததும் 'தேசிய அணி'தான் என்று படித்தேன். இதுதானா அது?

இல்லை, அது 1921. பிரதமர் ஜொலீத்தி அமைத்த பட்டியல்களுக்குப் பெயர் 'தேசிய அணிகள்', பன்மையில். முசோலினியும் அவர் ஆட்களும் அதில் ஏறித்தான் உள்ளே வந்தார்கள். இதுபோக 1946-இல் 'சுதந்திரத்துக்கான தேசிய அணி' என்று முடியாட்சிக்காரர்களின் பட்டியல் ஒன்று 16 இடம் பிடித்தது. அதுவும் வேறு. 'மக்கள் அணி' என்று பார்த்தால் அது இடதுசாரிகள். இத்தாலியில் அந்தக் காலத்தில் பெயர்ப் பஞ்சம் போலும்.

1994-இல் பெர்லுஸ்கோனி செய்ததும் இதே மாதிரி கூட்டணிதானே? அது மட்டும் எப்படி ஜெயித்தது?

ஒற்றுமை உண்டு. அரசியல்வாதிகள் மேல் வெறுப்பு, வெளியிலிருந்து வந்த ஒரு ஊடகக்காரர், ஒன்றுக்கொன்று ஒட்டாத கூட்டாளிகள், குறைந்த ஆயுள் (அந்த அரசு டிசம்பரிலேயே விழுந்தது). ஆனால் வாய்ப்பான இரண்டு விஷயங்கள் 1948-இல் இல்லை. 1994-இல் முக்கால்வாசி இடங்கள் ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்ற முறையில் இருந்தன. முதலில் வருபவருக்கே இடம் என்பதால், சேர்ந்து நின்றால் பலன் பல மடங்கு. அதைவிட முக்கியமாக, ஊழல் வழக்குகளில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி அதற்குள் இடிந்து விழுந்திருந்தது. ஜன்னீனிக்கு எதிரே அது 48.5 சதவீதத்தோடு நின்றது.

இன்றைக்கு இத்தாலியில் இதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

அணியைப் பற்றி, வரலாற்று ஆசிரியர்களைத் தவிர யாரும் இல்லை. ஜன்னீனியின் ஒரு சொல் மட்டும் அகராதியில் தங்கிவிட்டது: 'குவாலுன்குவிஸ்மோ'. "எல்லாக் கட்சியும் ஒண்ணுதான், எல்லாரும் திருடனுங்கதான்" என்று பேசிவிட்டு நகர்கிற மனப்பான்மைக்கு அந்தப் பெயர். தங்களைத் தாங்களே அப்படிச் சொல்லிக்கொள்பவர்களைப் பார்ப்பது அரிது. எதிராளியைத் திட்டத்தான் பயன்படுத்துகிறார்கள், வலதுசாரிகளும் இடதுசாரிகளும் ஒரே மாதிரி.